விதி இல்லை தம்பி, அந்தக் கோடு

அன்பு மாணவர்களே, உறவுகளே,

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரவில் கரை திரும்பும்போது அவனுடைய ஃபைபர் படகு தீவு ஓரத்துப் பாரில் மோதிவிட்டது. வலது கை முறிந்திருக்கிறது. இன்ஜின் கடலோடு போய்விட்டது. அதற்கு வாங்கிய கடன் மட்டும் கரையில் இருக்கிறது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒரே வார்த்தை: "விதி."

"எந்த வழியில வந்தே?" என்று கேட்டேன்.

"ஜி.பி.எஸ்ல கரைப் பாயிண்டைப் போட்டு 'கோ டூ' அமுக்கினேன் சார். அது காட்டின கோட்டுலதான் வந்தேன்."

அப்படியானால் இது விதி இல்லை. 'கோ டூ' அமுக்கினால், நீ நிற்கும் இடத்துக்கும் போக வேண்டிய இடத்துக்கும் கருவி ஒரு நேர்கோடு போடும். நடுவில் பார் இருக்கிறதா, ஆழம் எவ்வளவு என்று சாதாரண ஜி.பி.எஸ். பார்ப்பதில்லை. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகள், சுற்றிலும் பவளப்பாறை. அந்தக் கடலில் இரவில் நேர்கோட்டை நம்பலாமா?

"பரம்பரையா கடலுக்குப் போறோம், எங்களுக்குத் தெரியாதா?" என்று சிலர் கோபிப்பீர்கள். அனுபவம் மட்டும் போதாது என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன்.

உலகைச் சுற்றும் வால்வோ பாய்மரப் பந்தயத்தில் 'வெஸ்டாஸ் விண்ட்' என்ற படகு கேப் டவுனிலிருந்து அபுதாபிக்குப் போனது. படகில் 9 பேர். தேர்ந்த மாலுமிகள், விலை உயர்ந்த கருவிகள். புயல் காரணமாகப் பந்தயத்தின் எல்லையைக் கடைசி நேரத்தில் மாற்றினார்கள். இவர்களும் வழியை மாற்றினார்கள். மாற்றிய வழியைத் திரையில் போதிய அளவு பெரிதாக்கிப் பார்க்கவில்லை. சிறிதாக வைத்துப் பார்த்தால் மின் வரைபடம் பல விவரங்களைக் காட்டாது. 2014 நவம்பர் 29 இரவு, மொரீஷியஸுக்கு வடகிழக்கே இருக்கும் கார்கடோஸ் காரஜோஸ் பவளத்திட்டில் படகு ஏறி உடைந்தது. உயிர் பிழைத்தார்கள். அந்தத் திட்டு வரைபடத்தில் இல்லாமல் போகவில்லை. பார்க்காமல் போனார்கள்.

அதனால்தான் சொல்கிறேன்: வழியைக் கரையில் உட்கார்ந்து, வெளிச்சத்தில், நிதானமாகப் போடுங்கள். டேராடூனில் இருக்கும் நீர்வரைவு அலுவலகம் நம் கடலுக்கு ஆழம் குறித்த வரைபடங்கள் வெளியிடுகிறது. அதில் ஆழமான இடங்களாகப் பார்த்துத் திரும்பு புள்ளிகளை வையுங்கள். ஒவ்வொரு துண்டுக் கோட்டையும் பெரிதாக்கி, முனையிலிருந்து முனை வரை பாருங்கள். நண்பன் கொடுத்த பழைய கோட்டை அப்படியே ஏற்றாதீர்கள். முகத்துவாரத்து மணல் ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் இடம் மாறும்.

"மீன் இருக்கிற இடத்துக்குத்தானே சார் போகணும்? கோடு போட்டு வெச்சா மீன் வருமா?" இதுவும் நியாயமான கேள்விதான். மீனைத் தேடி எங்கே வேண்டுமானாலும் சுற்றுங்கள். திரும்பும்போது மட்டும், எந்தப் பக்கம் ஆழம் என்று பார்த்து, முதலில் உங்கள் வழியின் வெளிப்புள்ளிக்கு வந்து சேருங்கள். அங்கிருந்து அந்தக் கோட்டைப் பிடித்துக் கரைக்கு வாருங்கள். அரை மணி நேரம் கூடலாம், டீசல் கொஞ்சம் கூடலாம். இன்ஜின் விலையைவிட அது குறைவு.

கோடு போட்ட பிறகும் கருவியைக் கண்மூடி நம்பாதீர்கள். 1995 ஜூனில் 'ராயல் மெஜஸ்டி' என்ற பயணிகள் கப்பலில் ஜி.பி.எஸ். ஆன்டெனா வயர் கழன்றுவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. 34 மணி நேரம் தவறான இடத்தையே காட்டிக்கொண்டிருந்த கருவியை நம்பி, அமெரிக்கக் கரையோரம் மணல்திட்டில் கப்பல் ஏறியது. ஒவ்வொரு புள்ளியிலும் இத்தனை பாகம் ஆழம் இருக்க வேண்டும் என்று முன்பே தாளில் எழுதி வையுங்கள். அங்கே போனதும் ஆழம் பாருங்கள். ஒத்துவராவிட்டால் படகை நிறுத்துங்கள்.

அந்தத் தாளில் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். தாய்மார்களே, மருமகள்களே, அதைக் கேட்டு வாங்கி வையுங்கள். படகு வரவில்லை என்றால் எங்கே தேடுவது என்றாவது தெரியும்.

தம்பி, நீயும் இதைப் படிப்பாய். வகுப்பில் உனக்கு இந்திய வரைபடம் வரையச் சொல்லிக் கொடுத்தேன். கடலுக்குள் ஆழம் பார்க்கச் சொல்லித் தரவில்லை. அந்தக் குறை எனக்கு உண்டு. கை சரியானதும் வீட்டுக்கு வா. வரைபடம் நான் வாங்கி வைக்கிறேன். கோடு போட நான் சொல்லித் தருகிறேன். பார் எங்கே என்று நீ எனக்குச் சொல்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்