வெள்ளை லில்லிக்கு விதை போடலாமா?

கொல்லிமலையில் பைல் நாட்டுப் பக்கம் குடியிருக்கும் ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். உறவினர் ஊட்டியிலிருந்து கொண்டுவந்து கொடுத்த காலா லில்லி நன்றாக வேரூன்றிப் பூத்து, இப்போது காய்த்தும் இருக்கிறதாம். காயை விதைத்தால் முளைக்குமா என்று கேட்கிறார். முளைத்தால் வீட்டுக்குக் கீழே ஓடும் ஓடையின் கரை முழுவதும் நட்டுவிட வேண்டுமென்று ஆசையாம். வீட்டில் நடை பழகும் குழந்தை உண்டு என்பதையும் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறார். நல்ல வேளை, குறிப்பிட்டார்!

விதை முளைக்கும், அதில் சந்தேகமில்லை. முதலில் இது என்ன செடி என்று பார்ப்போம். பெயரில் லில்லி இருந்தாலும் இது லில்லி ஜாதியே அல்ல. நம் சேம்புக்கும் சேனைக்கும் சொந்தக்காரி. தென்னாப்பிரிக்காவில் தண்ணீர் தேங்கும் இடங்களில் தானாக வளர்வது. கடலைப் பொட்டலம் போலச் சுருண்டிருக்கும் வெள்ளை மடல் பூவல்ல. நடுவில் நிற்கும் மஞ்சள் தண்டில்தான் நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்கள் ஒட்டியிருக்கின்றன. மேலே ஆண், கீழே பெண். கீழ்ப்பகுதிதான் காயாகும். காய் பிடித்ததும் வெள்ளை மடல் பச்சையாக மாறிக் காயைப் பொத்திக்கொள்ளும். பூ கெட்டுவிட்டதென்று அப்போது வெட்டி எறிந்துவிடாதீர்கள்.

காய் மஞ்சளோடி, விரலால் அமுக்கினால் நெகிழும் வரை செடியிலேயே இருக்கட்டும். பிறகு பறித்து, தண்ணீரில் பிசைந்து, சதையைச் சுத்தமாக அலசிவிட வேண்டும். சதை ஒட்டியிருந்தால் முளைப்பு தடைப்படும். சேனை நறுக்குகிறவர்களுக்குக் கை நமைச்சலைச் சொல்லித் தர வேண்டியதில்லை; இதுவும் அப்படித்தான். கையில் உறை மாட்டிக்கொள்ளுங்கள்.

விதையை ஒரு நாள் நிழலில் உலர்த்தி, உடனே விதைத்துவிடுவது நல்லது. இலை மக்கும் மணலும் தோட்ட மண்ணும் கலந்த தொட்டியில் அரை அங்குல ஆழத்துக்கு மேல் போக வேண்டாம். வெயில் நேராகப் படாத இடத்தில் வைத்து, மண் காயாமல் தெளித்து வந்தால் ஒரு மாதத்தில் முளை தெரியும். சில விதை மூன்று மாதம் கூடப் பிடிவாதம் பண்ணும். மூன்று நான்கு இலை வந்தபின் தனித் தொட்டிக்கு மாற்றலாம். பூவுக்கு இரண்டு மூன்று வருஷம் பொறுக்க வேண்டும். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் பக்கக் கிழங்கைப் பிரித்து நடலாம், சீக்கிரம் பூக்கும். ஆனால் ஒரே சமயத்தில் நிறையச் செடி வேண்டுமென்றால் விதைதான்.

இனி ஓடைக்கரை விஷயம். சகோதரி மன்னிக்க வேண்டும். அது மட்டும் வேண்டாம். மேற்கு ஆஸ்திரேலியாவில் அழகுக்காகக் கொண்டுபோன இதே செடி தோட்டத்தைத் தாண்டி ஓடைக்கரைகளில் பரவியது. பழத்தைத் தின்னும் பறவைகள் விதையைச் சுமந்துபோய்ப் போட, கடைசியில் அதைக் களை என்று சட்டப்படி அறிவிக்க வேண்டியதாயிற்று. நம் நீலகிரியிலும் ஈரப் பள்ளங்களில் அது தானே வளர்ந்து நிற்பதைப் பார்க்கலாம். கொல்லிமலையின் மேட்டு நிலம் 3,000 அடிக்கு மேல். குளிர்ச்சியும் உண்டு, தண்ணீரும் உண்டு. பள்ளத்தில் நெல் நடுகிறவர்களுக்கும் மாடு மேய்க்கிறவர்களுக்கும் நம்மால் ஒரு புதுத் தொல்லை எதற்கு? தொட்டியிலோ, வீட்டு முற்றத்துத் தண்ணீர் விழும் மூலையிலோ வையுங்கள். விதைக்கு வேண்டிய ஒரு குலையை மட்டும் விட்டுவிட்டு, மற்ற பூக்களை வாடியதும் கிள்ளிவிடுங்கள்.

குழந்தைக்காகவும் இதைச் சொல்கிறேன். பழுத்த காய் பார்க்கத் தின்பண்டம் போலிருக்கும். இலை, தண்டு, கிழங்கு, காய் எல்லாவற்றிலும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். வாயைத் துடைத்துக் கழுவி, குளிர்ந்த பாலோ தண்ணீரோ கொடுக்கலாம். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. தொண்டை வீங்கினாலோ மூச்சு திணறினாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மலையில் ஆஸ்பத்திரி பக்கத்து வீட்டில் இருக்காதே! விதைக் குலையின் மேல் துணிப்பை கட்டி, தொட்டியைக் குழந்தைக்கு எட்டாமல் வைத்துவிடுங்கள்.

சென்னை, மதுரை வாசகிகளும் ஆசைப்படுவீர்கள். மழைக்காலத்தில் தொட்டியில் நட்டுக் காலை வெயில் மட்டும் படும்படி வைத்துப் பாருங்கள். சித்திரை வெயிலில் இலை துவண்டு ஓய்ந்துவிடும். மலையில் பூப்பது போல எதிர்பார்க்க வேண்டாம். மஞ்சள், ரோஸ் நிறக் காலாக்கள் வேறு ஜாதி. தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். ஒட்டு ஜாதிகளின் விதையில் தாயின் நிறம் அப்படியே வரும் என்றும் சொல்ல முடியாது. அவற்றின் இலை பழுத்ததும் தண்ணீரை நிறுத்தி, கிழங்கை எடுத்து உலர்ந்த மணலில் போட்டு வைத்து, அடுத்த பருவத்தில் நடுங்கள்.