தீம் வாங்கும் முன் அரபிக்குத் திருப்பிப் பாருங்கள்

துபாய் கராமாவில் ஒரு தையல் கடைக்கோ, உங்கள் சொந்த வலைப்பூவுக்கோ வேர்ட்பிரஸ் தளம் அமைக்கப் போகிறீர்களா? டெமோவின் அழகில் மயங்காதீர்கள். அதில் பாதி அழகு அவர்கள் போட்டிருக்கும் படங்களுடையது.

தீமின் இலவசப் பதிப்பைச் சோதனைத் தளத்தில் போட்டு மூன்றைப் பாருங்கள். மொழியை அரபிக்கு மாற்றினால் மெனுவும் லோகோவும் வலமிருந்து இடமாகத் திரும்புகின்றனவா? திரும்பாத தீம், வாடிக்கையாளர் அரபிப் பக்கம் கேட்கும் நாளில் கைவிரித்துவிடும். அடுத்து நாலு வரி தமிழை ஒட்டுங்கள். மேல்வரியின் கால் கீழ்வரியின் தலையில் இடித்தால், இடைவெளியைக் கூட்ட வழி இருக்கிறதா? கடைசியாக வேறு தீமுக்கு மாறுங்கள். எழுதியது அப்படியே நிற்க வேண்டும். சதுர அடைப்புக்குறிகளாகக் கொட்டினால் அந்தத் தீம் வேண்டாம்.

2022 ஜனவரியில் வந்த வேர்ட்பிரஸ் 5.9 முதல், பிளாக் தீம்களில் ஹெடர், ஃபூட்டரைக்கூடக் கோட் எழுதாமல் மாற்றலாம். சின்னக் கடைகளுக்குக் காசு கொடுத்து ஃப்ரேம்வொர்க் வாங்கும் தேவை குறைந்துவிட்டது என்பது என் கருத்து.

நம் விசாவுக்கு ஒரு முடிவுத் தேதி உண்டு. நாம் கிளம்பிய பிறகும் கடைக்காரர் தானே விலைப்பட்டியலை மாற்ற முடிந்தால், அதுதான் நல்ல தீம்.