பின்வில்லும் சாலைப் பிடிப்பும்

நவி மும்பையின் வாஷியில் வெங்காயம், காய்கறி, பழம், தானியம், மசாலைப் பொருள்கள் ஆகியவற்றிற்கான மொத்தச் சந்தைகள் அமைந்துள்ளன. நாசிக், புணே முதலிய இடங்களிலிருந்து மலைக்கணவாய்களைக் கடந்து பாரத்துடன் இங்கு வந்து சேரும் சரக்கு வண்டிகள் பல, வெறுமையாகத் திரும்புகின்றன. இவ்விரு பயணங்களையும் ஒருங்கே கருதினாலன்றி, வண்டியின் பின்வில்லைப் பற்றிச் சரியான முடிவுக்கு வர இயலாது.

வண்டியின் பின்புறம் தாழ்ந்துவிட்டால் மேலும் ஒரு பட்டையைச் சேர்ப்பது பட்டறை வழக்கம். அதனால் சக்கரம் சாலையை நன்கு பற்றும் என்ற எண்ணமும் பலரிடம் உண்டு. இது தவறான எண்ணம். பிடிப்பு என்பது சக்கரத்தின்மீது தங்கும் எடையையும் உராய்வையும் பொறுத்தது. கரடுமுரடான சாலையில் அவ்வெடை கணத்திற்குக் கணம் மாறுகிறது; அது மிகக் குறையும் கணத்திலேயே சக்கரம் வழுக்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். ஒரு பின்சக்கரத்தின்மீது 300 கிலோகிராம் எடை உள்ளது. வில் ஒரு சென்டிமீட்டர் அமுங்க 30 கிலோகிராம் வேண்டும். 3 சென்டிமீட்டர் பள்ளத்தில் சக்கரம் இறங்குங்கால் 90 குறைந்து 210 கிலோகிராம் எஞ்சும். வில்லின் விறைப்பு இருமடங்காயின் எஞ்சுவது 120 மட்டுமே. ஈரச்சாலையின் உராய்வுக் குணகம் 0.4 எனின், பிடிப்பு 84லிருந்து 48 கிலோகிராமாகக் குறைந்துவிடும். பட்டைகளின் கனம் பத்தில் ஒரு பங்கு கூடினாலே விறைப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

பாரம் ஏற்றிய வண்டியில் இத்தீங்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. பாரத்தை இறக்கியபின், மழைக்காலத்தில் கணவாய்ச் சாலையில் ஏறும் வெற்று வண்டியே துள்ளி வழுக்குகிறது.

இதற்குச் சிறந்த பரிகாரங்கள் உள்ளன. பாரம் மிகும்போது மட்டும் தாங்கத் தொடங்கும் துணைவில் ஒன்று. நடுவில் தடித்து நுனிகளில் மெலிந்த சில பட்டைகளே கொண்ட பரவளைய வில் மற்றொன்று. இதில் பட்டைகளுக்கிடையே உராய்வு குறைவு. மேலும், பட்டைவில் எடையைத் தாங்குவதோடு அச்சை நிலையில் நிறுத்தவும் வேண்டியிருப்பதால், எஞ்சின் விசையினால் முறுக்கி வளைகிறது. ஆகவே அவ்விரு பணிகளையும் பிரித்தல் நன்று. மகிந்திரா நிறுவனத்தின் தார் வண்டியில் 2010ஆம் ஆண்டின் அமைப்பில் பின்புறம் பட்டைவில்லே இருந்தது. 2020ஆம் ஆண்டின் அமைப்பில் சுருள்வில் எடையைத் தாங்க, இணைப்புத் தண்டுகள் அச்சை நிறுத்துகின்றன.

எளிய வண்டிகளுக்கு இத்தகைய மாற்றம் தேவையில்லை. தேய்ந்த அதிர்வடக்கிகளையும் ரப்பர்ப் புதைகளையும் மாற்றுதல், டயரின் காற்றழுத்தத்தைச் சரிபார்த்தல் ஆகியவையே முதற்கடமை. பட்டையைக் கூட்டுவதனால் பதிவுச் சான்றிதழில் குறித்த எடை கூடாது. அச்சு, டயர், பிரேக் ஆகியவற்றின் வலிமையும் கூடாது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் வண்டிகளை மனம்போல் மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது.

களப்பணியாளர் ஜீப்பிலும், மாணவர் பள்ளி வண்டியிலும் செல்கின்றனர். விறைத்த வில்லே வலிய வில் என்னும் மயக்கத்தை நீக்குவது அவர்தம் உயிர்க்காப்பாகும். உராய்வுப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இதனையே எடுத்துக்காட்டாகக் கூறுவார்களாயின் பெரும்பயன் விளையும்.