28 நாள் பூட்டு: சாவி யார் கையில்?

மெர்லிமாவ் தமிழ்க் குடும்பங்களே,

"நாம் எந்த வம்புக்கும் போகாதவர்கள், சொஸ்மா நம்மை என்ன செய்துவிடும்?" தோட்டத்திலும் தாமானிலும் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. பதிலுக்குத் தூரம் போக வேண்டாம். காடேக் போதும்.

2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று சொல்லி 12 பேரைப் பிடித்தார்கள். நம் மலாக்காவின் காடேக் சட்டமன்ற உறுப்பினர் சாமிநாதனும், சிரம்பான் ஜெயா உறுப்பினர் குணசேகரனும் அதில் அடக்கம். புலிகள் இயக்கம் 2009 மே மாதமே போரில் முறியடிக்கப்பட்டது. பத்து வருடம் கழித்து இங்கே என்ன ஆதாரம் காட்டினார்கள்? கைப்பேசியில் இருந்த பிரபாகரன் படம், முகநூல் பதிவு, ஆயர் குரோவில் நடந்த ஒரு நினைவுக் கூட்டம். அந்த வருடத் தீபாவளி அக்டோபர் 27. பன்னிரண்டு வீடுகளில் எண்ணெய்க் குளியல் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கொடுஞ்சட்டங்களை மாற்றுவோம் என்று ஓட்டுக் கேட்டு வந்தவர்களின் ஆட்சியில்தான் இது நடந்தது!

கொலைக் குற்றம் சாட்டப்பட்டவனைக்கூட 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். தடுப்புக் காவலை அவர்தான் நீட்டிப்பார். அதுவும் அதிகம் போனால் 14 நாள். சொஸ்மாவில் மாஜிஸ்திரேட்டே கிடையாது. ஒரு போலீஸ் சூப்பரிண்டெண்டன் கையெழுத்துப் போட்டால் 28 நாள் உள்ளே. பிடிப்பவரும் பூட்டுபவரும் ஒரே இலாகா. குற்றம் சாட்டிய பிறகு, 13வது பிரிவின்படி ஜாமீன் இல்லை. 18 வயதுக்குக் குறைந்தவர், பெண், நோயாளி மட்டுமே விதிவிலக்கு.

பயங்கரவாதம் பொய் என்று நான் சொல்லவில்லை. 2016 ஜூனில் பூச்சோங்கில் கையெறி குண்டு வீசி 8 பேரைக் காயப்படுத்தினார்களே, அவர்களைப் பிடிக்கத்தான் வேண்டும். லண்டனில் வெடிக்காத குண்டா? அங்கேயும் குற்றம் சாட்டாமல் வைக்க 14 நாள்தான் உச்சம். இரண்டு நாளுக்கு மேல் வைக்க நீதிபதி அனுமதி வேண்டும்.

சாமிநாதன் வழக்கில் 2019 நவம்பர் 29 அன்று, 13வது பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்றார் உயர் நீதிமன்ற நீதிபதி முகமட் நஸ்லான். 2020 பிப்ரவரி 21இல் சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் 12 பேர் மீதான குற்றச்சாட்டுகளையும் கைவிட்டார். தண்டனை கிடைக்க வாய்ப்பே இல்லாத வழக்காம். அதைக் கண்டுபிடிக்க நான்கு மாதத்துக்கு மேல் ஆயிற்று. மூன்றே நாளில் பிரதமர் பதவி விலகினார், ஆட்சியும் போயிற்று. அந்தக் கையெழுத்து ஒரு வாரம் தள்ளிப் போயிருந்தால்? எனக்கு இன்னும் நடுக்கம்தான்.

குண்டர் கும்பல் என்ற குற்றச்சாட்டுக்கும் இதே சட்டம் பாய்கிறது என்பதை, பிள்ளை வளர்க்கும் நீங்கள் மறக்க வேண்டாம்.

2022 மார்ச்சில் இந்த 28 நாள் விதியை நீட்டிக்கும் தீர்மானம் நாடாளுமன்றத்தில் 84க்கு 86 என்று தோற்றது. இரண்டே ஓட்டு! ஜூலையில் திரும்பக் கொண்டுவந்து ஐந்து வருடத்துக்கு நீட்டித்தார்கள். அந்தக் கெடு 2027 ஜூலையில் முடிகிறது. உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் கோயில் திருவிழாவுக்கு மாலை போட்டுக்கொள்ள வரும்போது கேளுங்கள்: "ஐயா, அன்று உங்கள் கை எந்தப் பக்கம்?" பதிலை எழுதி வையுங்கள்.

வீட்டில் யாரையாவது சொஸ்மாவில் பிடித்தால், குடும்பத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டியது போலீசின் கடமை. லாயரைப் பார்ப்பதை 48 மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போட அவர்களுக்கு அதிகாரம் இல்லை. 49வது மணி நேரத்தில் ஸ்டேஷன் வாசலில் நில்லுங்கள், லாயரோடு.