லோடு தெரியாமல் காற்று அடிக்கலாமா?

‘டயர் வெடித்து சரக்கு வேன் கவிழ்ந்தது’ என்ற செய்தி நம் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களுக்குப் புதிதல்ல. ஓட்டுநர் வேகமாக வந்தாரா, கண் அசந்துவிட்டாரா என்று விசாரிக்கிறோம். அந்த டயருக்குள் எவ்வளவு காற்று இருந்தது, ஏற்றியிருந்த சுமைக்கு அது போதுமா என்று யாரும் கேட்பதில்லை. குட்டி யானை என்று ஊரே அழைக்கும் டாடா ஏஸ், ஓசூரில் தயாராகும் தோஸ்த், பொலேரோ பிக்கப் போன்ற இலகுரக வண்டிகள்தான் இன்று ஒட்டன்சத்திரத்துக் காய்கறியையும் காசிமேட்டு மீனையும் கட்டுமான இடங்களுக்குச் சிமெண்டையும் கொண்டு சேர்க்கின்றன. அவற்றின் டயருக்கு எவ்வளவு காற்று என்பதை இங்கே பழக்கமே முடிவு செய்கிறது. முன் சக்கரம், பின் சக்கரம் என்ற வேறுபாடு இல்லாமல், லோடு இருக்கிறதா, வண்டி காலியா என்ற கேள்வியும் இல்லாமல், எப்போதும் அடிக்கும் ஓர் எண்ணையே அடித்துக்கொண்டு கிளம்புகிறார்கள். காற்றின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது பழக்கம் அல்ல, டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்ணும் அல்ல; அந்தச் சக்கரத்தின் மேல் இறங்கும் எடைதான்.

டயரில் எடையின் பெரும்பகுதியைத் தாங்குவது உள்ளே அடைபட்டிருக்கும் காற்று. ரப்பரும் கம்பி அடுக்குகளும் அந்தக் காற்றைக் கட்டிவைக்கும் உறை. அழுத்தம் குறைந்தால் தாங்கும் திறனும் குறையும். எவ்வளவு குறையும் என்பதை அளந்து அட்டவணையாகவே வெளியிடுகிறார்கள். அமெரிக்காவில் டயர் அண்ட் ரிம் அசோசியேஷன், ஐரோப்பாவில் இ.டி.ஆர்.டி.ஓ., இந்தியாவில் ஐ.டி.டி.ஏ.சி. என்று ஒவ்வொரு இடத்திலும் இதற்கென அமைப்பு உண்டு. அமெரிக்க பிக்கப் வண்டிகளில் பரவலாகப் பயன்படும் எல்டி 245/75 ஆர்16 டயரை எடுத்துக்கொள்வோம். 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அது ஒற்றைச் சக்கரமாகத் தாங்குவது சுமார் 1,380 கிலோ. 65-இல் 1,190 கிலோ. 50-இல் 1,000 கிலோ. 35-க்கு இறங்கினால் சுமார் 770 கிலோ மட்டுமே. பின் சக்கரம் ஒன்றின் மேல் 1,190 கிலோ இறங்கும் வண்டியில் 50 பிஎஸ்ஐ மட்டும் இருந்தால், அந்த டயர் 190 கிலோ அதிகச் சுமையோடு ஓடுகிறது என்று பொருள். எடை மேடையில் வண்டி சட்டப்படி சரியாகவே இருக்கும். ஒரு மூட்டைகூடக் கூடுதலாக ஏற்றாமல், காற்றுக் குறைவால் மட்டுமே டயர் ஓவர்லோடு ஆகிவிட்டது. இது கண்ணுக்குத் தெரியாத ஓவர்லோடு என்பதால்தான் இதைப் பற்றி இவ்வளவு வற்புறுத்திப் பேச வேண்டியிருக்கிறது.

சுமைக்கும் காற்றுக்கும் உள்ள இந்த இடைவெளி எவ்வளவு தூரம் போகும் என்பதை அமெரிக்கா 2000-ஆம் ஆண்டில் கண்டது. ரேஞ்சர் பிக்கப்பின் அடிச்சட்டத்திலிருந்து உருவான ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிக்கு ஃபோர்டு பரிந்துரைத்த காற்று 26 பிஎஸ்ஐ. அதில் பொருத்தப்பட்ட ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேலடுக்கு ஓட்டத்திலேயே பிய்ந்துபோய் வண்டிகள் கவிழ்ந்தன. அமெரிக்காவில் மட்டும் 270-க்கும் மேற்பட்ட மரணங்கள் இதோடு தொடர்புபடுத்தப்பட்டன. டெக்சாஸ், ஃபுளோரிடா, அரிசோனா போன்ற வெயில் மாநிலங்களில் பாதிப்பு அதிகமாக இருந்தது. 2000 ஆகஸ்ட்டில் ஃபயர்ஸ்டோன் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அந்த வண்டிக்கு 30 பிஎஸ்ஐ வேண்டும் என்றும் சொன்னது. பழி முழுவதையும் காற்றின் மேல் போடுவது நியாயமாகாது. டயரின் கம்பி அடுக்கு வடிவமைப்பிலேயே குறை இருந்ததாக அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 2001-இல் முடிவுக்கு வந்தது. ஆனால் 26 என்ற தொடக்கப் புள்ளி, காற்று இயல்பாகக் கசிந்து குறைவதற்கு அதிக இடம் வைக்கவில்லை. பலவீனமான டயருக்கு அந்தச் சில பிஎஸ்ஐ பெரிய விஷயம். 2000 நவம்பரில் அங்கே புதிய சட்டம் வந்தது. அதன் தொடர்ச்சியாக, பரிந்துரைத்த அளவுக்கு 25 சதவீதம் கீழே காற்று இறங்கினால் ஓட்டுநரை எச்சரிக்கும் கருவி, ஏறக்குறைய நாலரை டன் வரையிலான புதிய வண்டிகளில் கட்டாயமானது. இந்தியாவில் 2020-இல் மூன்றரை டன் வரையிலான வண்டிகளுக்கு இக்கருவியின் தரம் வகுக்கப்பட்டது. பொருத்தினால் இப்படி இருக்க வேண்டும் என்பதோடு அந்த விதி நின்றுகொண்டது.

சரியான அளவை எங்கே பார்ப்பது? ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சிறு அட்டையில், அல்லது வண்டியோடு வந்த கையேட்டில். முன் சக்கரத்துக்கு ஒன்று, பின் சக்கரத்துக்கு ஒன்று. பல பிக்கப் வண்டிகளில் லோடு இருக்கும்போது ஒன்று, காலியாக இருக்கும்போது ஒன்று என்று அதில் பிரித்தே போட்டிருப்பார்கள். டயரின் பக்கவாட்டில் பொறித்த எண் வேறு. அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச எடைக்குத் தேவையான காற்றை அது சொல்கிறது. உங்கள் வண்டியைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. லோடு ஏற்றிய பின் சக்கரத்துக்கான அளவு சில வண்டிகளில் இந்த உச்ச எண்ணை நெருங்கி வருவதால், இரண்டும் ஒன்றுதான் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. முன் சக்கரத்தில் அதே எண்ணை அடிக்கும்போது ஸ்டீயரிங் துள்ளுகிறது, டயர் நடுவில் மட்டும் தேய்கிறது. டயரை மாற்றும்போது இன்னொரு தவறும் நடக்கிறது. கார் வகை டயரைக் கழற்றிவிட்டு லோடு வகை டயர் போடுகிறவர்கள் பழைய காற்றளவையே தொடர்கிறார்கள். அதே எடையைத் தாங்க லோடு டயருக்கு அதிகக் காற்று வேண்டும்.

வெயில் காலத்தில் டயர் சூடேறும், காற்று விரியும், ஆகவே குறைத்து அடிப்பதே பாதுகாப்பு என்று அனுபவமுள்ள ஓட்டுநர்களே வாதிடுகிறார்கள். காற்று விரியும் என்பது உண்மை. 65 பிஎஸ்ஐ இருக்கும் டயரில் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அழுத்தம் ஏறத்தாழ இரண்டரை பிஎஸ்ஐ கூடும். ஓட்டத்தின் சூட்டில் பத்து சதவீதம் அல்லது அதற்குச் சற்று மேலும் ஏறலாம். அட்டையில் உள்ள எண் குளிர்ந்த டயருக்கானது. இந்த ஏற்றத்தையும் கணக்கில் கொண்டுதான் அதை வகுத்திருக்கிறார்கள். டயரை வெடிக்கவைக்கும் சூட்டின் முக்கிய ஊற்று வேறிடத்தில் இருக்கிறது. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மேல் மடங்கி நிமிர்கிறது. அந்த மடக்கத்தில் பிறக்கும் சூடு ரப்பருக்கும் கம்பிக்கும் உள்ள பிடிப்பைத் தளர்த்துகிறது. நண்பகலில் நெடுஞ்சாலையோரம் நிறுத்தி, கேஜில் எண் ஏறியிருக்கிறது என்று காற்றை இறக்கிவிடுகிறவர், டயர் இன்னும் அதிகமாக மடங்கவும் சூடேறவும் வழி செய்கிறார். குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற வண்டியில், வெயில் ஏறுமுன் அளப்பதே சரி. நைட்ரஜன் அடித்தால் இந்தக் கவலை இல்லை என்பதும் சரியல்ல. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஈரமில்லாத நைட்ரஜன் சற்று மெதுவாகக் கசியும், அவ்வளவே. சூட்டில் அதுவும் விரியும், அளவும் பார்க்கத்தான் வேண்டும்.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. லோடு வண்டிக்கு ஒரே நாளில் பல முறை சுமை மாறும். காலையில் ஒரு டன், மதியம் காலி, மாலையில் அரை டன். ஒவ்வொரு முறையும் காற்றை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தால் பிழைப்பு நடக்குமா? நடக்காது. அந்த நாளில் ஏற்றப்போகும் அதிகபட்சச் சுமைக்கு ஏற்றபடி காலையிலேயே அடித்துவிடுவதுதான் நடைமுறை வழி. காலியாகத் திரும்பும்போது வண்டி குதிக்கும். டயர் சாலையைத் தொடும் பரப்பு சுருங்குவதால் மழைநாளில் பிரேக் பிடிக்கச் சற்று அதிக தூரம் எடுக்கும். இவை உண்மையான குறைகள்தான், நிதானமாக ஓட்டிச் சமாளிக்கலாம். காற்று குறைந்த டயரில் ஒரு டன்னோடு நான்குவழிச் சாலையில் போகும் ஆபத்தை ஓட்டும் திறமையால் சமாளிக்க முடியாது. பெரும்பாலும் காலியாகவோ இலகுவான பொருளோடோ ஓடும் வண்டி என்றால், தயாரிப்பாளர் அதற்குக் கொடுத்திருக்கும் குறைந்த அளவே போதும்.

இரண்டு மடங்கு லோடு ஏற்றிவிட்டு அதற்கேற்ப காற்றையும் கூட்டிக்கொள்ளலாம் என்பவர்களுக்கு இந்த வாதத்தில் இடமில்லை. அட்டவணைக்கு ஓர் உச்ச வரி உண்டு. அதற்கு மேல் எவ்வளவு காற்று அடித்தாலும் டயரின் அனுமதிக்கப்பட்ட திறன் ஒரு கிலோகூடக் கூடாது. ரிம்முக்கும் அச்சுக்கும் பிரேக்குக்கும் வரம்பு தனியாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு அதிகச் சுமைக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது.

பொறுப்பை ஓட்டுநர் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. கதவு ஓரத்து அட்டை பல வண்டிகளில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. சில ஆண்டு ஓட்டத்தில் அழிந்தும் போகிறது. தமிழ்நாட்டில் விற்கும் சரக்கு வண்டிகளில் இதைத் தமிழில், முன், பின், லோடு, காலி என்று பிரித்து, படிக்கும் அளவில் ஒட்டுவது தயாரிப்பாளர்களுக்குப் பெரிய செலவு அல்ல. திருவொற்றியூர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று டயர் ஆலைகள் நிறைந்த மாநிலம் இதைக் கேட்டு வாங்கலாம். எஃப்சி பார்க்கும் ஆய்வாளர், அட்டை இருக்கிறதா, காற்று அதன்படி இருக்கிறதா என்று பார்ப்பதை வழக்கமாக்க வேண்டும். பெட்ரோல் பங்குகளில் காற்று இலவசமாகத் தரப்பட வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. அங்குள்ள கேஜ் சரியாகக் காட்டுகிறதா என்பதையும் அவர்களே உறுதிசெய்ய வேண்டும். எச்சரிக்கைக் கருவியைப் புதிய சரக்கு வண்டிகளுக்காவது கட்டாயமாக்க மத்திய அரசு முன்வர வேண்டும்.

இவை நடக்கும்வரை வண்டி உரிமையாளர்கள் காத்திருக்க வேண்டாம். நல்ல கேஜ் ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கி வண்டியிலேயே வையுங்கள். நாளைக் காலை லோடு ஏற்றுமுன், கதவு அட்டையைப் பார்த்து, ஸ்டெப்னி உட்பட எல்லா டயரையும் அளந்துவிட்டு உங்கள் ஓட்டுநரை அனுப்புங்கள்.