மருந்தும் மண்ணும்

வண்டல் நிலத்தில் விதைத்தவன் காணும் விளைச்சலைக் களர் நிலத்தில் விதைத்தவன் காணான். இதற்காக விதையைப் பழிப்பார் இலர். தடுப்பு மருந்தும் இடத்திற்கு ஏற்பப் பயன் வேறுபடும் என்றால் மட்டும் பலர் நம்ப மறுக்கின்றனர்.

காசநோயைத் தடுக்கும் பி.சி.ஜி. ஊசியை எடுத்துக்கொள்வோம். 1950ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தில் பள்ளியிறுதிப் பருவத்துச் சிறுவர் சிறுமியர்க்கு அதனை இட்டு ஆராய்ந்தனர். ஊசி இடப்படாதாரோடு ஒப்பிட, அவர்களிடம் காசநோய் நூற்றுக்கு ஏறக்குறைய 80 அளவு குறைந்தது. 1968ஆம் ஆண்டில் அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்தில் 2,50,000 பேருக்கு மேற்பட்டோரிடையே அவ்வூசி ஆராயப்பட்டது. பாரிசு வகை, டென்மார்க்கு வகை என இருவகை மருந்தும் பயன்பட்டமையால், ஒன்றன் குறை எனத் தள்ளவும் வழியில்லை. பதினைந்து ஆண்டுகள் கண்காணித்தும், வளர்ந்தோர்க்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுத்ததாகத் தெரியவில்லை.

காரணம் யாது? வெப்ப நாடுகளின் மண்ணிலும் நீரிலும் காசநோய்க் கிருமிக்கு உறவான, பெருந்தீங்கு செய்யாத கிருமிகள் மிகுதி. இளமையிலேயே அவை உடலுக்குப் பழக்கமாகின்றன. அவ்வாறு பழகிய உடல், ஊசியிலுள்ள உயிர்க்கிருமியை வளரவொட்டாமல் அழித்துவிடுகிறது என்பர் சிலர். முன்னரே ஓரளவு காப்புப் பெற்றுவிட்ட உடலுக்கு ஊசி புதிதாக ஒன்றும் சேர்ப்பதில்லை என்பர் வேறு சிலர். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் எனக் கூறும் தொல்காப்பியம் பயின்ற எனக்கு இஃது அத்துணை வியப்பாக இல்லை. பச்சிளங் குழந்தைகளின் மூளையைத் தாக்கும் காசநோயை அவ்வூசி தடுக்கிறது. ஆதலின் பிறந்த குழந்தைகளுக்கு இன்றும் இடுகின்றனர்.

‘நம் இனத்தின் உடல்வாகே இப்படி’ என்று சிலர் கூறுவதை நான் ஏற்கேன். பிறப்பால் வரும் வேறுபாடும் சிறிது இருக்கலாம். அதனையே சொல்லி அமைந்துவிட்டால், ஆராய வேண்டிய குடிநீரையும் உணவையும் ஆராயாது விட்டுவிடுவோம். வாய்வழி ஊட்டும் போலியோ மருந்து, மேலைநாடுகளில் மூன்று தவணையிலேயே பெரும்பாலான குழந்தைகளைக் காத்தது. வேலூரில் மருத்துவர் ஜேக்கப் ஜான் ஆராய்ந்தபொழுதோ, பல குழந்தைகளுக்கு மூன்று தவணை போதவில்லை. வயிற்றுப்போக்கும், குடலில் குடியேறிய பிற கிருமிகளும் மருந்தின் வேலைக்கு இடையூறாகின்றன என ஆராய்ச்சியாளர் கண்டனர். பயனற்ற மருந்தென்று அன்றே கைவிட்டிருந்தால் எத்தனை பிள்ளைகளின் கால்கள் சூம்பிப் போயிருக்கும்! கைவிடாது, தவணைகளைக் கூட்டி வீடுதோறும் சென்று ஊட்டினர். 2011ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஹௌராவில் நோயுற்ற சிறுமியே, இயற்கைப் போலியோக் கிருமியால் இந்நாட்டில் தாக்குண்ட கடைசிக் குழந்தை.