பொல்லுக்கு எதிரே ஒரு பொல்லு

பிலிப்பைன்ஸ் நாட்டுப் பொல்லுச் சண்டைக்கு மூன்று பெயர்கள் உண்டு. அர்னிஸ், எஸ்க்ரிமா, காலி. (எங்கட காலி நகரத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.) இப்போது பல நாடுகளில் அதற்கு நாலாவது பெயர் ஒன்றும் வந்துவிட்டது: உடற்பயிற்சி வகுப்பு. பாட்டைப் போட்டுவிட்டு, கண்ணாடிக்கு முன்னால் வரிசையாக நின்று, இரண்டு கையிலும் பிரம்புப் பொல்லுகளோடு ஆட்கள் காற்றை வெட்டுகிறார்கள். வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது, வீடியோவும் வடிவாக இருக்கிறது.

இதைப் பார்த்து இரண்டு விதமாகக் கதைக்கிறார்கள். "அருமையான கலையைக் கூத்தாக்கிப் போட்டாங்கள்" என்பது ஒரு பக்கம். "ஆர் என்ன சொன்னா என்ன, சனம் கதிரையை விட்டு எழும்பினாக் காணும்" என்பது மற்றப் பக்கம். இரண்டிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் எங்கள் நிலைப்பாடு வேறு. பொல்லுச் சண்டையைத் தாராளமாக உடற்பயிற்சியாக்கலாம், ஆக்கவும் வேண்டும். எதிரே நிற்கிற ஆளை எடுத்துவிட்டு ஆக்கக்கூடாது, அவ்வளவுதான். ஏன் என்று சொல்வதற்கு அந்தக் கலை எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கராத்தே பழகப் போனால் முதலில் வெறுங்கை, ஆயுதம் பிறகுதான். அர்னிஸில் இது தலைகீழ். முதல் நாளே கையில் பொல்லைத் தருவார்கள். வழக்கமான பொல்லு ஏறத்தாழ 28 அங்குலம், கிட்டத்தட்ட 71 சென்ரிமீற்றர். பிரம்பில் செய்தது. மூங்கிலைப் போல உள்ளே குழாயாக இல்லாமல் பிரம்பு திடமாக இருக்கும். அடிபட்டால் கூராகப் பிளக்காது, நார் நாராகத்தான் பிரியும். அதனால்தான் இரண்டு பேர் திரும்பத் திரும்ப மோதிப் பழக அது தோதான மரம்.

அடிகளுக்குக் கவர்ச்சியான பெயர்கள் இல்லை, இலக்கங்கள்தான். பல பள்ளிகளில் 12 கோணங்கள். வலது மேலிருந்து சரிந்து வருவது ஒன்று, இடது மேலிருந்து வருவது இரண்டு என்று போகும். கோணம் பழகிவிட்டால் கையில் பொல்லா, கத்தியா, வெறுங்கையா என்பது இரண்டாம் பட்சம். தூரத்தையும் மூன்றாகப் பிரிப்பார்கள்: லார்கோ, மெடியோ, கோர்த்தோ. தூரம், நடு, கிட்ட. எல்லாம் ஸ்பானிய மொழிச் சொற்கள். எஸ்க்ரிமா என்ற பெயரே வாட்சண்டையைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லில் இருந்து வந்தது, அர்னிஸ் போர்க்கவசத்தைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்தது. முந்நூறு வருடத்துக்கு மேல் ஆண்டவனின் மொழி, ஆளப்பட்டவனின் சண்டைக்குள்ளேயே போய்க் குந்திவிட்டது.

இரண்டு பொல்லுகளால் செய்யும் பயிற்சிக்குச் சினவாலி என்று பெயர். ஜிம் வகுப்புகள் அதிகமாக எடுத்துக்கொண்டது இதைத்தான். சவாலி என்றால் அங்கத்தைய கிராமத்து வீடுகளுக்குச் சுவராகக் கட்டும் மூங்கில் தட்டி. எங்கட ஊரில் கிடுகு பின்னுவது போல, கீற்று மேலும் கீழுமாகப் போய் வரும். பொல்லுகளும் அப்படித்தான் போய் வருகின்றன. இதில் கவனிக்க வேண்டிய விசயம், பின்னலுக்கு இரண்டு பக்கம் வேண்டும் என்பது. ஒரு கீற்றை மட்டும் வைத்துத் தட்டி பின்ன ஏலாது.

கலையைக் கூத்தாக்கிவிட்டார்கள் என்று கோபப்படுகிறவர்களுக்கு ஒரு பெயரை நினைவுபடுத்த வேண்டும்: ரெமி பிரெசாஸ். 1936இல் பிறந்து 2001இல் இறந்தவர். மொடர்ன் அர்னிஸ் என்ற முறையை உருவாக்கியவர். பழைய முறையில் எதிராளியின் பொல்லை அடிப்பதில்லை, பொல்லைப் பிடித்திருக்கும் கையைத்தான் அடிப்பார்கள். பாம்பின் பல்லைப் பிடுங்கினால் பாம்பு என்ன செய்யும் என்பது கணக்கு. சண்டைக்கு அது சரி. ஆனால் விரல் முட்டி வீங்கி வீட்டுக்குப் போகிற பிள்ளை அடுத்த கிழமை வகுப்புக்கு வருமா? பிரெசாஸ், பயிற்சியில் கைக்குப் பதிலாகப் பொல்லில் அடிக்க வைத்தார். அதனால் அர்னிஸைப் பாடசாலைக்குள்ளும் பல்கலைக்கழகத்துக்குள்ளும் கொண்டுபோக முடிந்தது.

அந்தக் காலத்திலும் இது கலப்படம் என்று முகம் சுளித்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் 2009 டிசம்பரில் பிலிப்பைன்ஸ் அரசாங்கம் 9850ஆம் இலக்கச் சட்டத்தால் அர்னிஸை நாட்டின் தேசியத் தற்காப்புக் கலையாகவும் தேசிய விளையாட்டாகவும் அறிவித்து, உடற்கல்விப் பாடத்திலும் சேர்க்கச் சொன்னபோது, பாடசாலைக்குப் பொருந்துகிற அர்னிஸ் ஏற்கனவே தயாராக இருந்தது. மாற்றம் துரோகம் என்றால் அந்தச் சட்டத்துக்கே வேலையில்லாமல் போயிருக்கும்.

எங்கள் வாதத்தின் நடு முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பிரெசாஸ் வலியை எடுத்தார், எதிராளியை எடுக்கவில்லை. கண்ணாடிக்கு முன்னால் நடக்கிற வகுப்பு எதிராளியை எடுத்துவிட்டது. இரண்டையும் ஒரே மாதிரியான மாற்றமாகப் பார்க்க எங்களால் முடியவில்லை.

எதிரே ஆள் இல்லாவிட்டால் உடலுக்கு என்ன நட்டம்? வியர்வைக்குக் குறை இல்லை. தனியாகப் பொல்லு சுற்றினாலும் தோள் சுழலும், இடுப்பு திரும்பும், மணிக்கட்டும் முன்கையும் வேலை செய்யும். வலது கை இடது பக்கத்துக்கும் இடது கை வலது பக்கத்துக்கும் மாறி மாறிப் போவது நல்ல ஒருங்கிணைப்புப் பயிற்சிதான். ஆனால் இந்தப் பொல்லுக்கு அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலின் பாரம் கூட வராது. தசையை வளர்க்க அது காணாது. இந்தப் பயிற்சியின் உண்மையான பலன் வேறு இடத்தில் இருக்கிறது: வருகிற அடியைப் பார்த்து, தூரத்தைக் கணித்து, காலை எடுத்து வைத்து, சரியான நொடியில் பொல்லைக் கொண்டுபோய் நிறுத்துவது. கண், கால், கை மூன்றும் இன்னொருவரின் அசைவுக்குப் பதில் சொல்ல வேண்டும். பாட்டின் தாளம் எப்போதும் ஒரே மாதிரி வரும். மனிசர் அப்படி வருவதில்லை. ஒருவர் அவதிப்படுவார், ஒருவர் தயங்குவார், ஒருவர் இடது கைக்காரர். அந்த வித்தியாசத்துக்கு ஏற்ப உடம்பு தன்னை மாற்றிக்கொள்வதுதான் இதில் கிடைக்கிற பயிற்சி.

உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு வேண்டும், அதோடு குறைந்தது இரண்டு நாளாவது தசைகளுக்குப் பலம் சேர்க்கும் பயிற்சியும் வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்கள் சமநிலைக்கும் சேர்த்து மூன்று நாள் பயிற்சி செய்வது நல்லது என்கிறார்கள். சோடியாகச் செய்யும் சினவாலி இதில் முதல் பங்கை நன்றாக நிரப்பும், கால் எடுத்து வைக்கும் முறையால் சமநிலைக்கும் உதவும். பலத்துக்கு வேறு பயிற்சி வேண்டும். "இது ஒண்டே எல்லாத்துக்கும் காணும்" எண்டு ஆராவது விற்றால் வாங்காதேங்கோ.

இதை விடப் பெரிய பொய் ஒன்றும் விற்கப்படுகிறது. ஆறு கிழமை உடற்பயிற்சி வகுப்பு, முடிவில் "இப்போது நீங்கள் உங்களைப் பாதுகாத்துக்கொள்ளலாம்" என்ற வாக்குறுதி. பெரும்பாலும் இது பெண்களைக் குறிவைத்துத்தான் சொல்லப்படுகிறது. ஒருநாளும் எதிரே ஒரு ஆள் வந்து அடித்துப் பார்க்காத ஒருவருக்கு, காற்றை வெட்டிப் பழகியது இருட்டு ஒழுங்கையில் என்ன உதவி செய்யும்? பயத்தில் கை எப்படி இறுகும், மூச்சு எப்படி அடைக்கும் என்பதே அவருக்குத் தெரியாது. பொய்யான தைரியம், தைரியம் இல்லாததை விட ஆபத்தானது. உடற்பயிற்சி எண்டால் உடற்பயிற்சி எண்டு சொல்லி வில்லுங்கோ. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பெண்கள் வீதியில் பயமில்லாமல் நடக்க வேண்டிய பொறுப்பை ஒரு பொல்லின் தலையில் கட்டிவிட்டு மற்ற எல்லாரும் கை கழுவ முடியாது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

இந்தக் கலையை யார் காப்பாற்றி வந்தார்கள் என்பதும் முக்கியம். செபு நகரில் 1932இல் டோசே பாரெஸ் சங்கம் தொடங்கியது. 1952இல் அங்கிருந்து பிரிந்த வெனான்சியோ பேக்கன் தொடங்கிய பள்ளிக்கு, அது இருந்த சின்னத் தெருவின் பெயரே பெயரானது: பலிந்தாவாக். கடல் கடந்து கலிபோர்னியாவுக்குத் தோட்டக் கூலிகளாகப் போன பிலிப்பினோ இளைஞர்களும் இதைக் கொண்டுபோனார்கள். பகலில் அஸ்பராகஸ் வெட்டியவர்களிடம் இந்த வித்தை இருந்தது. ஸ்டொக்ரன் என்ற ஊரில் 1966இல் ஏஞ்சல் கபாலெஸ் எல்லாருக்குமான எஸ்க்ரிமா பள்ளியைத் திறந்தார். அதே ஊரில் பிறந்த டான் இனோசான்ரோ வழியாக அது புரூஸ் லீயின் வட்டம் வரைக்கும் போனது. வயலில் குனிந்து நின்றவர்கள் காப்பாற்றியதை இன்று குளிரூட்டிய அறையில் மாதக் கட்டணத்துக்கு விற்கிறார்கள். விற்கட்டும். ஆனால் சுவரில் எந்த நாட்டின் பெயரும் எந்த ஆசிரியரின் பெயரும் இல்லாமல், "ஸ்ரிக் வேர்க்கவுட்" என்று மட்டும் எழுதி விற்பது களவுக்குக் கிட்ட வருகிறது.

இனி எங்கட பக்கம். இலங்கைப் பிள்ளைகளுக்குப் பிரம்பு என்றதும் அர்னிஸா நினைவு வரும்? ரீச்சரின் மேசைதான் நினைவு வரும். உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றுநிருபம் அனுப்பிய பிறகும் அந்த நினைவு போகவில்லை. அந்தப் பிரம்புக்கு ஒரு ஒழுங்கு இருந்தது: ஒருவர் கையில் பிரம்பு, மற்றவர் நீட்டுவது வெறும் உள்ளங்கை. அர்னிஸில் இரண்டு பேர் கையிலும் பிரம்பு. இரண்டு பேரும் முதலில் ஒருவருக்கொருவர் வணக்கம் வைக்க வேண்டும். நான் அடிக்கிற வேகம் உன்னால் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும், ஏனென்றால் அடுத்த அடி உன்னுடையது. பலத்தை அளந்து பாவிக்கப் பழக்குகிற இந்த ஒழுங்கு, பொல்லும் தடியும் மிரட்டலுக்கே பாவிக்கப்பட்ட ஒரு நாட்டில் வளர்ந்த எங்களுக்குச் சின்ன விசயமாகத் தெரியவில்லை. எதிராளியை எடுத்துவிட்டால் முதலில் காணாமல் போவது இதுதான்.

எங்களிடமும் பொல்லுகள் இருக்கின்றன. சிலம்படி இருக்கிறது, கோலாட்டம் இருக்கிறது, கிழக்கில் முஸ்லிம் மக்களின் பொல்லடி இருக்கிறது. சினவாலிக்கும் இவற்றுக்கும் பரம்பரைத் தொடர்பு இருக்கிறது என்று கதை கட்ட நாங்கள் வரவில்லை. ஆனால் கோலாட்டத்திலும் பொல்லடியிலும் ஒரு பொல்லு இன்னொருவரின் பொல்லைத் தேடிப் போய்த்தான் சத்தம் எழுப்புகிறது. இவற்றை விழா மேடையில் பத்து நிமிடம் காட்டிவிட்டுக் கட்டி வைக்கிறோம். பிலிப்பைன்ஸ்காரர் தங்கள் பொல்லைப் பாடசாலை மைதானத்துக்குக் கொண்டுபோனது போல, இவற்றையும் பின்னேர உடற்பயிற்சியாக்கினால் என்ன? செலவு ஒரு சோடிப் பொல்லும் கொஞ்ச நிலமும்தான். ஜிம்மின் மாதக் கட்டணம் கட்ட ஏலாத வீட்டுப் பிள்ளையும் வரலாம், அம்மாவும் வரலாம்.

செய்கிறவர்களுக்குச் சில விசயங்களைச் சொல்லி வைக்கிறோம். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி கட்டாயம். பொல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டே அடித்தால் முழங்கை நோகும், ஆகவே மெதுவாகத் தொடங்குங்கோ. வலது கைக்குச் செய்ததை இடது கைக்கும் செய்யுங்கோ. பாட்டுப் போடுவதாயிருந்தால் போடுங்கோ, ஆனால் ஒரு மணித்தியால வகுப்பில் பாதி நேரமாவது சோடி சேர்ந்து நில்லுங்கோ. ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் சோடியை மாற்றுங்கோ. வேகமான ஆள் மெதுவான ஆளோடும், இளையவர் மூத்தவரோடும் நிற்கட்டும். ஆசிரியர் இந்தக் கலை எங்கிருந்து வந்தது என்பதை முதல் நாளே சொல்லட்டும்.

கண்ணாடியைப் பார்த்து அடிக்கிறபோது நாங்கள் பார்ப்பது எங்களையே. ஒரு மணித்தியாலம் எங்களையே பார்த்து வியர்ப்பதற்கு இந்தப் பொல்லு தேவையில்லை, வேறு எத்தனையோ வழி இருக்கிறது. பொல்லை எடுத்தால் திரும்பி நின்று பக்கத்தில் இருக்கிறவரைப் பாருங்கோ. அவர் கையிலும் ஒன்று இருக்கட்டும்.